ஆடிக்குள் மின்னலை யாரிடம் கொடுப்பது?

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் வாசகி ஒருவர் 4 பக்கம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம்:

“சென்னைக் கடற்கரையில் சவாரிக்கு விட்டிருந்த ஆண் குதிரை. முதுகுப் புண்ணோடு நின்றதைப் பார்த்து மனசு கேட்காமல் 14 மாதத்துக்கு முன் விலை கொடுத்து வாங்கி, குட்டியானையில் ஏற்றிக் கொண்டுவந்தோம். மின்னல் என்று பெயர். வயது 9, 10 இருக்கும் என்றார்கள். காயடிக்கவில்லை. புண் ஆறிவிட்டது, உடம்பும் தேறிவிட்டது. குணம்தான் போகப் போக மோசமாகிறது. சேணத்தின் வயிற்றுவாரை இறுக்கினால் திரும்பிக் கடிக்கிறது. தீவன வாளியோடு போனால் பின்னங்காலைத் தூக்குகிறது. காதருகே கை போனால் தலையை மேலே எறிகிறது. கட்டியிருக்கும் மரக்கட்டையைப் பல்லால் பிடித்துக்கொண்டு காற்றை விழுங்குகிறது. போன மாதம் வேலையாளின் முழங்கைக்கு மேலே கடித்து, தையல் போட்டோம். என் மகள் கிட்டப் போகவே பயப்படுகிறாள். ஆடியில் அந்தியூர் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றுவிடலாம் என்கிறார் கணவர். கோயம்புத்தூரில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிற ஒருவர் நல்ல விலை சொல்கிறார். ஊட்டியில் குதிரைகள் சும்மா திரிகின்றனவே, அங்கே விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்கிறார் உறவினர் ஒருவர். காப்பாற்றுகிறேன் என்று கூட்டிவந்து, இப்போது தள்ளிவிடுவது துரோகமில்லையா? யாரிடம் கொடுப்பது? கடிக்கும் என்று சொன்னால் யார் வாங்குவார்கள்?”

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் வேலையாளைப் பற்றி. 4 பக்கத்தில் அவருக்குக் கிடைத்தது ஒரு வரி. குதிரைக் கடி வெளியே சின்னதாகத் தெரியும். உள்ளே சதை நசுங்கிப் போயிருக்கும். டெட்டனஸ் ஊசி போட்டார்களா, விரல்கள் முன்போல மடங்குகின்றனவா, அந்த இடத்தில் இன்னும் மரத்துப்போன உணர்வு இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். வைத்தியச் செலவும், வேலைக்கு வராத நாள்களின் கூலியும் உங்கள் பொறுப்பு. இனி அவர் தனியாக அந்தக் குதிரையிடம் போகக் கூடாது. மகள் கட்டாயம் போகக் கூடாது. அவள் பயப்படுவது நல்லதுதான், அதைப் போக்க இப்போது முயற்சி செய்யாதீர்கள்.

சரி, மின்னலுக்கு வருவோம்.

துரோகமா என்று கேட்டிருக்கிறீர்கள். குதிரையை வேறு கைக்கு மாற்றுவது துரோகம் இல்லை. 25, 30 வருடம் வாழக்கூடிய பிராணி அது. அத்தனை காலமும் ஒரே வீட்டில் இருக்கும் குதிரைகள் மிகக் குறைவு. எந்த நிலையில் கொடுக்கிறீர்கள், என்ன சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இப்போதுள்ள நிலையில் மின்னலை யாருக்கும் கொடுக்க முடியாது என்பது கால்நடை மருத்துவனாக என் கருத்து. குணத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதில் பாதி, என் கண்ணுக்கு நோயாளியின் புகார்ப் பட்டியல் மாதிரி இருக்கிறது.

உங்கள் தோப்பில் அதன் நாள் எப்படிப் போகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காலையிலும் மாலையிலும் அவித்த கொள்ளும் தவிடும். சாயங்காலம் ஒரு கட்டு கோ-4 புல். மற்ற நேரமெல்லாம் ஒற்றைக் கயிற்றில், கொட்டகை நிழலில், தனியாக. அன்பாகத்தான் செய்கிறீர்கள், சந்தேகமில்லை. பசு மாட்டுக்குச் செய்வதைக் குதிரைக்குச் செய்கிறீர்கள்.

மாடு வயிறு நிறையத் தின்றுவிட்டுப் படுத்து அசைபோடும். குதிரைக்கு அசைபோடுவது கிடையாது. அதன் இரைப்பை உடம்புக்குச் சம்பந்தமில்லாத அளவுக்குச் சின்னது. 10 லிட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே பிடிக்கும். அந்தச் சின்ன இரைப்பையில் அமிலம் மட்டும் ராத்திரி பகல் நிற்காமல் சுரந்துகொண்டே இருக்கும். அதை ஆற்றுவது எச்சில். குதிரைக்கு எச்சில் மெல்லும்போதுதான் ஊறும். திறந்தவெளியில் விட்டால் நாளுக்கு 16 மணி நேரம் மேயும் பிராணி, உங்களிடம் 3, 4 மணி நேரம் மெல்லுகிறது. மீதி நேரம் வெறும் வயிற்றில் அமிலம். இரைப்பையின் மேல்பாதியில் அமிலத்தைத் தாங்கும் பூச்சு இல்லை, அங்கே புண் வரும். அந்தப் புண்ணோடு நிற்கும் குதிரைக்கு வயிற்றுவாரை இறுக்கினால் என்ன செய்யும்? கடிக்கும். நாமும் கடித்திருப்போம்.

மரக்கட்டையைப் பல்லால் பிடித்துக் காற்றை விழுங்குவதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. கட்டிப்போட்ட, தனிமையில் நிற்கிற, மெல்ல ஒன்றும் இல்லாத குதிரைகளிடம்தான் இதை அதிகம் பார்க்கிறேன். கழுத்தில் பட்டை போட்டு இறுக்கினால் நின்றுவிடும் என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். வெளியே தெரிகிற பழக்கம் அடங்கினாலும் உள்ளே இருக்கிற காரணம் அப்படியே இருக்கும்.

வாளியோடு போகும்போது உதைப்பதற்கும் இதே பதில்தான். 10 மணி நேரம் பட்டினி கிடந்தவன் முன்னால் சாப்பாட்டுத் தட்டோடு மெதுவாக நடந்து பாருங்கள். முதலில் புல்லைப் போடுங்கள், அரை மணி நேரம் கழித்து வாளியைக் கொண்டுபோங்கள். அதுவும் வேலிக்கு வெளியே நின்று வைக்கிற மாதிரி ஒரு தொட்டி அமைத்துவிடுங்கள். இந்த ஒரு மாற்றத்துக்கே உதை பாதியாகக் குறைந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தீவனக் கணக்கு சொல்கிறேன். மின்னல் 350 கிலோ இருக்கும் என்று வைத்துக்கொண்டால், ஈரம் நீக்கிய எடையில் நாளுக்கு ஏறத்தாழ 7 கிலோ நார்த் தீவனம் வேண்டும். கோ-4 பச்சையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால், பச்சையாக மட்டும் போட்டால் 30 கிலோவைத் தாண்டும். உங்கள் ஒரு கட்டு அதில் எத்தனை பங்கு என்று தராசில் வைத்துப் பாருங்கள். ஒரே புல்லாகவும் போடாதீர்கள். கோ-4 மாதிரியான நேப்பியர் ஒட்டுப்புல்லில் இருக்கும் ஆக்சலேட், சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், அதுவும் சுண்ணாம்புக்கு எதிரி. இரண்டும் சேர்ந்து வருடக்கணக்கில் போனால் உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுத்துச் செலவழிக்கும். தாடை எலும்பு வீங்கும், கால் மாற்றி மாற்றி நொண்டும். தவிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். சோளத்தட்டை, உலர்ந்த புல், குதிரைமசால் சேருங்கள். பேரிலேயே குதிரை இருக்கிற தீவனத்தை நம்மூரில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் போட்டுவிட்டுக் குதிரைக்குத் தவிடு வைக்கிறோம்! குதிரைமசாலில் சுண்ணாம்பு நிறைய, இரைப்பை அமிலத்தையும் அது ஓரளவு ஆற்றும். எந்த மாற்றத்தையும் 10 நாளில் படிப்படியாகச் செய்யுங்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தீவனத்தைத் திடீரென்று மாற்றி வயிற்றுவலி வந்தால் உயிருக்கே ஆபத்து.

இரைப்பைப் புண்ணுக்கு, அமிலம் சுரப்பதைக் குறைக்கும் ஒமெப்ரசோல் கொடுப்போம், பொதுவாக 4 வாரம். எவ்வளவு என்பதை நேரில் பார்க்கிற மருத்துவர் சொல்லட்டும். வீட்டில் இருக்கும் மாத்திரையைப் பொடித்து வெல்லத்தில் உருட்டிக் கொடுத்துவிடாதீர்கள். பொடித்தால் மேல்பூச்சு போய், மருந்து அந்த அமிலத்திலேயே வீணாகிவிடும்.

அடுத்தது மணல். கடற்கரைக் குதிரை என்று படித்ததுமே எனக்கு இதுதான் தோன்றியது. மணலில் கொட்டிய தீவனத்தைத் தின்று தின்று அவற்றின் பெருங்குடலில் மணல் சேர்ந்துவிடும். 14 மாதமாகிவிட்டதே என்பீர்கள். இப்போதும் கொள்ளைத் தரையில் சாக்கு விரித்துத்தான் போடுகிறீர்கள், தோப்பு மண்ணும் மணல் கலந்ததுதானே? சோதிப்பதற்கு ஆய்வுக்கூடம் எதுவும் வேண்டாம். காலையில் புதிதாகப் போட்ட சாணத்தில், தரையில் படாத மேல் உருண்டைகளாக 5, 6 எடுங்கள். 2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டிவிட்டு அதில் போட்டு, தண்ணீர் ஊற்றி, குச்சியால் நன்றாகக் கலக்கி, அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். நார் மிதக்கும். அடியில் என்ன படிகிறது என்று பாருங்கள். ஒரு தேக்கரண்டிக்கு மேல் மணல் இருந்தால் அதற்குத் தனியாக வைத்தியம் உண்டு. நாம் மலச்சிக்கலுக்குச் சாப்பிடும் இசப்கோல்தான் அதற்கும் மருந்து, அளவுதான் வேறு. மணல் இல்லாவிட்டாலும் இனிமேல் தீவனம் தொட்டியில்தான்.

வாயையும் பார்க்க வேண்டும். குதிரையின் பல் தேயத் தேய மேலே வந்துகொண்டே இருக்கும். கடைவாய்ப் பற்களின் ஓரம் கத்திபோல் கூராகி, மேலே கன்னத்தையும் கீழே நாக்கையும் அறுக்கும். வருடம் ஒரு தடவையாவது அரம் போட்டு ராவ வேண்டும். புல்லை மென்று பாதி உருண்டையாகக் கீழே துப்புகிறதா? தண்ணீர்த் தொட்டியில் மென்ற புல் மிதக்கிறதா? கவனியுங்கள். சவாரிக் குதிரை என்பதால் நாக்கிலும் வாயோரத்திலும் பழைய தழும்பு இருக்கிறதா என்றும் மருத்துவர் பார்க்கட்டும். முள் வைத்த கடிவாளத்தை, இழுவை, பொதி விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டின் விதிகளே தடை செய்கின்றன. விதி இருக்கிறது, முள்ளும் இருக்கிறது. காது விஷயத்திலும் முதலில் உள்ளே உண்ணியோ புண்ணோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி ஒன்றும் இல்லை என்றால், எப்போதோ யாரோ காதை முறுக்கிப் பிடித்து ஊசி போட்டிருக்கிறார்கள், லாடம் அடித்திருக்கிறார்கள். அந்த நினைவு போக நாளாகும். சிலவற்றுக்குப் போகவே போகாது.

நேரில் காட்ட உடுமலைப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உங்களுக்குப் பக்கம். மயக்க மருந்து கொடுத்து வாயையும் காதையும் பார்க்கச் சொல்லுங்கள். வம்படியாகப் பிடித்துப் பார்த்தால் இன்னொரு கெட்ட நினைவுதான் மிஞ்சும். அந்தத் தடவையே டெட்டனஸ், ரேபிஸ் தடுப்பூசிகளையும் போட்டுவிடுங்கள். கிளாண்டர்ஸ் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். அது குதிரையிடமிருந்து மனிதருக்கும் தொற்றும், தடுப்பூசி இல்லாத குதிரை நோய். சந்தேகம் வந்தால் ஹரியானாவின் ஹிசாரில் இருக்கும் தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம்வரை மாதிரி போகும். குதிரையைக் கைமாற்றும் முன் இந்த முடிவு கையில் இருக்க வேண்டும். வாங்குகிறவர் கேட்காவிட்டாலும் கொடுங்கள்.

காயடிப்பதைப் பற்றி வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்று எனக்குத் தெரியும். “கம்பீரம் போய்விடும்”, “பாவம்”. 10 வயது ஆண் குதிரை, இனப்பெருக்கத்துக்கும் விடப்போவதில்லை, இன்னொரு குதிரையோடு சேர்த்துக் கட்டவும் முடியாமல் ஆயுள் முழுக்கத் தனிச் சிறை. எது பாவம் என்று நீங்களே சொல்லுங்கள். இந்த வயதில் செய்தால் பழகிப்போன முரட்டுத்தனம் எல்லாம் போய்விடும் என்று உத்தரவாதம் தரமாட்டேன், கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஆனால் காயடித்த குதிரையை ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்கும் வீடுகள் பல மடங்கு அதிகம். ஈ மொய்க்கிற காலத்தைத் தவிர்த்து, மழை இல்லாத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். செய்தபிறகு 2 மாதம்வரை பெண் குதிரையோடு விடக் கூடாது.

இதையெல்லாம் கூட்டினால் ஆடிக்குள் முடியாது. முடியவும் வேண்டாம். 3, 4 மாதம் அவகாசம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் யாரும் ஏறிச் சவாரி செய்ய வேண்டாம். தோப்பில் ஒரு பகுதியைத் தடுத்து, அவிழ்த்து விடுங்கள். ஒரு ஆட்டையாவது துணைக்கு விடுங்கள். சிரிக்காதீர்கள், ஆட்டோடு ஒட்டிக்கொண்ட குதிரைகள் ஏராளம்.

இனி, உங்களிடம் வந்திருக்கும் மூன்று யோசனைகள்.

ஊட்டி யோசனையை உடனே மறந்துவிடுங்கள். அங்கே சாலையில் திரிகிற குதிரைகள் சுதந்திரமாக இருப்பதாகச் சுற்றுலா வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். குப்பைத் தொட்டியில் பிளாஸ்டிக்கோடு தின்பதையும், வண்டி மோதிக் காலை இழுத்துக்கொண்டு நிற்பதையும் அங்கே வேலை பார்த்த மருத்துவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவில் குற்றமும்கூட.

கல்யாண ஊர்வலம். கொட்டு, செண்டை, காதுக்குப் பக்கத்தில் வெடி, முகத்துக்கு நேரே விளக்கு, முதுகில் வாழ்க்கையில் முதல் தடவையாகக் குதிரை ஏறும் மாப்பிள்ளை, சுற்றிலும் குழந்தைகள். காதருகே கை போனாலே தலையை எறிகிற குதிரையை அந்தக் கூட்டத்தில் எப்படி நிறுத்துவார்கள்? வாயில் முள்ளைப் போட்டுத்தான். அப்படியும் ஒருநாள் நிற்காது.

அந்தியூரைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம். குருநாதசுவாமி கோயில் திருவிழாவுக்கு ஆடிக்கு ஆடி போகிறவன் நான். வெள்ளை வெளேர் என்று நுக்ராக் குதிரைகளும், காது நுனிகள் ஒன்றையொன்று தொடுகிற மார்வாரி இனக் குதிரைகளும் வரிசையில் நிற்பதைப் பார்ப்பதற்கே போவேன். ஆனால் அங்கே வாங்க வருகிறவர் என்ன பார்க்கிறார்? பல்லைப் பிரித்து வயது பார்ப்பார். ஓடவிட்டு நடை பார்ப்பார். அப்புறம் சுழி. நெற்றியில் எங்கே, கழுத்தில் எங்கே, இது ராசி, அது ஆகாது என்று அரை மணி நேரம் பேசுவார். எங்கே தொட்டால் கடிக்கும் என்று யாரும் கேட்பதில்லை, விற்கிறவரும் வாய் திறப்பதில்லை. கடித்த பிறகு, “சுழி சரியில்லை” என்று அடுத்த சந்தையில் அடுத்தவர் தலையில் கட்டிவிடுவார்கள். பிரச்சினையுள்ள குதிரை ஒன்று இப்படி 4 கை மாறினால், ஒவ்வொரு கையிலும் கடிவாளம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடூரமாகும்.

இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. என் தொழிலின் ஆரம்ப வருடங்களில், தெரிந்த ஒருவர் ஒரு செவலைப் பெண் குதிரையை விற்றார். பின்னால் யாராவது வந்தால் குறி பார்த்து உதைக்கும். வாங்க வந்தவர் என்னிடம், “டாக்டர், குணம் எப்படி?” என்று நேராகக் கேட்டார். விற்கிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, “கொஞ்சம் துடிப்பு, அவ்வளவுதான்” என்றேன். இரண்டு வாரத்தில் வாங்கியவர் வீட்டுப் பையனுக்கு முழங்கால் சில்லு உடைந்தது. குதிரையை அடுத்த வாரமே யாருக்கோ தள்ளிவிட்டார்கள். 3 வருடம் கழித்து வேறொரு ஊரில், வேறு வேலையாகப் போன இடத்தில், செங்கல் வண்டியில் பூட்டியிருந்த ஒரு குதிரையைப் பார்த்தேன். இடது பின்னங்கால் குளம்புக்கு மேலே வெள்ளைத் திட்டு, அதன் நடுவில் பிறை மாதிரி ஒரு தழும்பு. அந்தத் தழும்புக்குத் தையல் போட்டவன் நான். வாயில் கடிவாளத்துக்குப் பதிலாக முறுக்கிய கம்பி இருந்தது. பேர் கேட்டேன், ஏதோ ஒரு புதுப் பேர் சொன்னார்கள். அந்த வண்டிக்காரர் பேரில் எனக்குக் கோபம் வரவில்லை. அவரிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

ஆகவே, கடிக்கும் என்று சொன்னால் யார் வாங்குவார்கள் என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: குறைவான பேர்தான் வருவார்கள், அதுதான் நமக்கு வேண்டும். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். குதிரை விஷயத்தில் அரைப் பொய்கூட ஆகாது.

மின்னலுக்கு ஒரு ஜாதகம் எழுதுங்கள். உண்மையான ஜாதகம். “முரட்டுக் குதிரை” என்று எழுதினால் அதனால் ஒருவருக்கும் பயனில்லை. “வயிற்றுவாரை மூன்றாவது துளைக்கு இழுக்கும்போது இடப்பக்கம் திரும்பிக் கடிக்க வரும், அதற்கு முன் காது பின்னால் மடங்கும், மூக்குக்கு மேல் சுருக்கம் விழும்” என்று எழுதுங்கள். எத்தனை பேரைக் கடித்தது, எந்தத் தேதி, அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது. எந்தப் பக்கமிருந்து போனால் அமைதியாக நிற்கும். என்ன தீவனம், எந்த மருந்து எத்தனை நாள். பரிசோதனை முடிவுகளின் நகல். நல்லதையும் எழுதுங்கள், உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்க ஓரத்தில், “மழை பெய்தால் வாயைத் திறந்து மேலே பார்த்துக்கொண்டு நிற்கும்” என்று எழுதி அடித்திருக்கிறீர்கள். அதை அடிக்காமல் எழுதுங்கள். பார்க்க வருகிறவர் முன்னால் ஊசி போட்டு அடக்கிக் காட்டாதீர்கள், அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

யாரிடம் கொடுக்கலாம்? என் முதல் விருப்பம், ஏற்கனவே ஒன்றிரண்டு குதிரை வைத்திருக்கிற, இடம் உள்ள, சவாரியை எதிர்பார்க்காத வீடு. ஒற்றைக் குதிரை வைத்திருப்பவர்கள் அதற்குத் துணை தேடுவதுண்டு. கோயம்புத்தூர், ஈரோடு பக்கங்களில் ஆசைக்காகக் குதிரை வளர்ப்பவர்கள் நிறையப் பேர். அவர்களில் 10 பேரில் ஒருவருக்காவது இது பொருந்தும். உங்கள் பகுதியில் லாடம் அடிப்பவரைக் கேளுங்கள். எந்த வீட்டுக் குதிரை காலைத் தூக்கிக் கொடுக்கும்போது நடுங்காமல் நிற்கிறது என்று அவருக்குத் தெரியும், அதைவிட நல்ல சிபாரிசு கிடையாது. அடுத்தது, மீட்கப்பட்ட விலங்குகளுக்கான காப்பகங்கள். குதிரைக்கு இடம் இருக்கும் காப்பகங்கள் குறைவு, பெரும்பாலும் நிரம்பியிருக்கும். கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பெயரை மட்டும் நம்பாமல் நேரில் போய், அங்கே இருப்பதிலேயே கிழட்டுக் குதிரையின் குளம்பைப் பாருங்கள். வெட்டிச் சீராக இருந்தால் சரியான இடம். மாதாமாதம் ஏதாவது அனுப்பச் சொல்வார்கள், அது நியாயமே.

யாராக இருந்தாலும் முதலில் நீங்கள் அங்கே போங்கள், அறிவிப்பில்லாமல் இன்னொரு தடவையும் போங்கள். அவர்கள் மூன்று முறையாவது உங்கள் தோப்புக்கு வந்து மின்னலைத் தாங்களே கையாளட்டும். விலை வாங்கினால் வாங்குங்கள், வாங்காவிட்டால் போகிறது, முதல் 3 மாதத் தீவனச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். 2 மாதம் தவணை வைத்து, பிடிக்காவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வேன் என்றும், என்றைக்காவது கொடுக்க நினைத்தால் முதலில் என்னிடம்தான் கேட்க வேண்டும் என்றும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இந்தத் தாளை வைத்துக்கொண்டு கோர்ட்டில் ஜெயிப்பது கஷ்டம். ஆனால் கையெழுத்துப் போடத் தயங்குகிறவர் யார் என்று அந்தத் தாள் காட்டிக்கொடுத்துவிடும். மின்னல் திரும்பி வந்தாலும் வரலாம், உங்கள் கொட்டகையை உடனே பிரித்துவிடாதீர்கள்.

கொண்டுபோகும்போது குட்டியானை வேண்டாம். போன தடவை ராத்திரி முழுக்க அதில் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஓடும் வண்டியில் குதிரை காலை அகட்டித்தான் விழாமல் நிற்கும், அதற்கு அந்த வண்டியில் இடம் போதாது. பக்கச் சுவர் உயரமான பெரிய வண்டியும், வழுக்காத சாய்வுப் பலகையும் ஏற்பாடு செய்யுங்கள். போகிற நாளுக்கு 3 வாரம் முன்பிருந்தே தினமும் 10 நிமிடம் பழக்குங்கள். கயிற்றை லேசாக இழுங்கள், ஒரு அடி முன்னால் வைத்த நொடியில் கயிற்றைத் தளர்த்திவிடுங்கள். குதிரை கற்றுக்கொள்வது இழுப்பதில் இல்லை, விடுவதில். 1978ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகளின்படி, பயணத்துக்குத் தகுதி என்று கால்நடை மருத்துவரின் சான்றும் கையில் இருக்க வேண்டும்.

ஒன்றை நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லாமல் விடவும் முடியாது. வைத்தியம் எல்லாம் முடிந்து, தீவனம் மாறி, 4 மாதம் கழித்தும் மின்னல் எச்சரிக்கையில்லாமல் ஆளைத் தாக்குகிறது என்றால், அல்லது தீராத வலி என்று மருத்துவர் சொன்னால், கருணைக்கொலையும் ஒரு வழி. கழுத்தில் ஊசி, பக்கத்தில் தெரிந்த குரல், வாயில் பிடித்த புல். கை மாறி மாறிக் கம்பிக் கடிவாளத்தில் முடிவதைவிட அது எவ்வளவோ மேல். அப்படி ஒரு முடிவுக்கு வந்தால் அக்கம்பக்கம் என்ன சொல்லும் என்று யோசிக்காதீர்கள், என்னைக் கூப்பிடுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்தவரைக்கும் அந்த இடத்துக்குப் போகாது என்றே நினைக்கிறேன். எச்சரிக்காமல் தாக்கும் குதிரை காதை மடக்கி, காலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருக்காது. மின்னல் இன்னும் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

கணவரிடம் இந்த ஆடி வேண்டாம் என்று சொல்லுங்கள். நாளைக் காலையில் அந்தப் பாட்டிலில் சாணத்தைக் கரைத்து, அரை மணி நேரம் கழித்து வெயில் படுகிற திண்ணையில் வைத்து, அடிப்பாகம் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். புல்லை எடைபோட்டுப் பார்த்த கணக்கையும் கூடவே எழுதுங்கள்.